மரத்துக்குள் இருந்த நிறம்

ஐலா துப்பாக்கியை என் சமையலறை மேசையில் கிடத்தினாள். பக்கத்தில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி ஒரு தட்டு நிறைய வைத்தாள்.

"லஞ்சம்னு நெனச்சுக்காத நார்ம். நெனச்சாலும் பரவாயில்ல."

அவள் தம்பி ரூடி கதவோரமே நின்றான். பூட்ஸில் பனி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

துப்பாக்கி அவர்கள் அப்பாவுடையது. முதல் உலகப் போரின் கடைசி வருஷத்தில் செய்த ஸ்பிரிங்ஃபீல்ட் ரகம். ராணுவம் கழித்துப் போட்டதைத் தபாலில் வாங்கி, ஐம்பது வருஷத்துக்கு மேல் அதை வைத்தே மான் சுட்டார். போன குளிர்காலத்தில் செத்துப்போனார். போவதற்கு முன் அதை மகளுக்குக் கொடுத்தார்.

ஒரே ஒரு நிபந்தனை. இரும்பின் மேல்பூச்சு ராணுவம் பூசிய அசல் என்றால், துப்பாக்கியில் ரம்பம் படக்கூடாது. யாரோ பிறகு பூசியது என்றால், அவள் இஷ்டம்.

இந்த வசந்தத்தில் ஐலாவுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. துப்பாக்கியின் பின்கட்டையில், தோளில் பதியும் இடத்தில் இருப்பதோ இரும்புத் தகடு. சுட்டால் கழுதை உதைத்த மாதிரி இருக்கும். தடித்த ரப்பர் வைத்தால் சுடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரப்பர் வைக்கக் கட்டையில் ஒரு அங்குலம் அறுக்க வேண்டும். அறுக்காமல் வைத்தால் நீளம் கூடிவிடும், விசைக்கு அவள் கை எட்டாது.

"வேற துப்பாக்கி வாங்கிக்கோன்னு சொல்லிப் பாத்தேன்," என்றான் ரூடி.

"வேற தம்பி வாங்கிக்கறேன்னு சொன்னேன்," என்றாள் ஐலா.

மான் வேட்டை சனிக்கிழமை தொடங்குகிறது. அப்பா உட்கார்ந்த மரமேடையில், அப்பாவின் துப்பாக்கியோடு அவள் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இந்த ஊரில் பூச்சு விஷயத்தில் என் பேச்சுதான் கடைசி. அதனாலேயே எனக்கு நண்பர்கள் குறைவு. ஒருவன் பெருமையாகக் கொண்டுவந்து காட்டிய துப்பாக்கியை, அவன் அப்பாவின் சவ அடக்க விருந்திலேயே, மறுபூச்சு என்று சொன்னேன். அவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நல்ல ராணுவத் துப்பாக்கியில் ரம்பம் வைப்பவர்களைப் பற்றி நான் சொல்வதை இங்கே எழுத முடியாது.

வெளியே தெரியும் இரும்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கை, மழை, எண்ணெய் எல்லாம் சேர்ந்து அதை மாற்றிவிடும். மரத்துக்குள் மறைந்திருக்கும் இரும்பைப் பார்க்க வேண்டும். ராணுவம் பூசியது என்றால், பழைய கிரீஸைக் குடித்து அங்கே பச்சை ஏறிக் கிடக்கும். பிறகு பூசியது என்றால் உள்ளும் புறமும் ஒரே கறுப்பு.

திருகுகளைக் கழற்றினேன். மரத்தையும் குழலையும் சேர்த்துப் பிடித்திருந்த வளையங்களை உருவினேன். குழலைத் தூக்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். நவம்பர் வெளிச்சம் போதவில்லை. டார்ச் அடித்தேன்.

ஐலா என் பின்னால் வந்து நின்றாள். ஒரு கையால் மறுதோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குழலைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன். வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டேன்.

"மறுபூச்சு," என்றேன். "எவனோ பின்னால பூசியிருக்கான். அறுத்துக்கோ."

ஐலா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"கேட்டுச்சாப்பா?" என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள். என் மொட்டைத் தலையில் ஒரு முத்தம் வைத்தாள். கோட்டைக்கூடப் போடாமல், டிரக்கில் இருந்த ரப்பரை எடுக்க ஓடினாள். கதவு திறந்தே கிடந்தது. சுப்பீரியர் ஏரிக் காற்று வீட்டுக்குள் வந்தது.

ரூடி கதவைச் சாத்தினான். மேசைக்கு வந்து குழலை என் கையிலிருந்து வாங்கினான். அதைப் பார்க்காமலே மரத்துக்குள் வைத்து அமுக்கினான்.

"போன வாரமே கழட்டிப் பாத்துட்டேன். என்னா பச்சை!" என்றான் மெதுவாக. "நான் பொய் சொன்னா அவ அஞ்சு வயசுலேர்ந்தே கண்டுபிடிச்சிடறா. உன் வாயால வந்தாத்தான் நம்புவா. நீ உண்மையைச் சொல்லித் தொலைச்சிடுவியோன்னு பயந்துட்டேன்."

வெளியே டிரக் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

"வளையத்தை மாட்டுடா," என்றேன். "அவ வர்றா."