ஓட்டோ எண்டால் லேசு

மேட்டின் நடுவில் காரை நிறுத்தச் சொன்னார் பரீட்சகர்.

நிறுத்தினாள்.

கிளச்சை மிதித்திருந்த இடது முழங்கால் வீங்கியிருந்தது. வீக்கம் சேலைக்குள்தான், அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஓட்டோ கியர் காரில செய்திருக்கலாமே அம்மா? லேசெல்லோ" என்றார் அவர்.

லேசு.

அதே சொல்.

அவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் லைசன்ஸ் ட்ரயல் மைதானத்து வாசலில் இந்த மனிதரும் சிவரூபனும் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றதை அவள் கண்டிருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் அப்படிச் சிரிப்பார்களா?

சிவரூபன் அவளுடைய கணவனின் தம்பி. கணவன் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன வானை வாடகைக்கு ஓடுகிறவன்.

ஓடுவதென்றால் பெயருக்குத்தான்.

"ஹயர் ஒண்டும் இல்லை அண்ணி. வான் சும்மா நிக்குது. வித்துப்போட்டால் நல்லது" என்பான். தலையைச் சொறிந்துகொண்டு சொல்வான்.

சும்மா நின்ற வானின் பின் இருக்கைக்கு அடியில் ஒருநாள் மல்லிகைச் சரம் ஒன்று கிடந்தது. வாடக்கூட இல்லை. கேட்டாள். கோயிலுக்கு வாங்கியது என்றான். சரத்தில் நீளமான தலைமயிர் ஒன்று சிக்கியிருந்தது.

யாரோ ஏறி இறங்கிய வான்.

"நான் ஓடப் பழகப்போறன்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் தடுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கார் ஓடப் பழக்குகிற லேனர்ஸுக்குத் தானே கூட்டிக்கொண்டு போனான். பழகுவதற்கு எந்தக் கார் என்று தானே காட்டினான். கிளச் இல்லை. கியர் மாற்றத் தேவையில்லை. மிதிப்பதற்கு இரண்டே இரண்டு. "ஓட்டோ எண்டால் லேசு அண்ணி" என்றான். அண்ணன் செத்த வீட்டில் ஒரு கதிரையைக்கூடத் தூக்கிப் போடாதவன்.

பிறகு பொழுதுபட்டால் போன் வரும்.

"இண்டைக்குப் பழகினீங்களோ? ஓட்டோதானே?"

அந்த 'தானே' அவளுடைய காதில் முள்ளாய்க் கிடந்தது.

லேனர்ஸில் பழக்கிய சசிரேகாதான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். "ஓட்டோவில பாஸ் பண்ணினால் லைசன்ஸிலயும் ஓட்டோ மட்டும் எண்டுதான் அடிப்பாங்கள் அக்கா. உங்கட வீட்டு வான் கியர் எல்லே? அதைத் தொடேலாது."

அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். வெயில் தெரியவில்லை.

மறுநாள் கியர் காரில் ஏறினாள்.

சந்திக்குச் சந்தி கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். இடது முழங்கால் வீங்கியது. கேட்டவர்களுக்கு, கிணற்றடியில் சறுக்கினேன் என்றாள். போனில் கேட்டவனுக்கு, ஓம் தம்பி, ஓட்டோதான் என்றாள்.

"சரி, எடுங்கோ."

பரீட்சகரின் குரல்.

கிளச்சை மெல்ல விட்டாள். கார் முனகியது. பக்கக் கண்ணாடியில் கம்பி வேலிக்கு அப்பால் வான் தெரிந்தது. அதில் சாய்ந்து நின்ற சிவரூபன் ஓட்டோ கியர் கார்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு காராக. கழுத்தை நீட்டி நீட்டி.

அவளைத் தேடுகிறான்.

பின்னால் உருண்டால் முடிந்தது.

உருளவில்லை.

மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியதும் பரீட்சகர் பேனையை மூடினார்.

"நல்லது. பாஸ்."

இவரையும் சேர்த்துச் சந்தேகித்ததற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கொஞ்சம்தான்.

மத்தியானம் தற்காலிக லைசன்ஸ் கைக்கு வந்தது. வேலிக்கு வெளியே சிவரூபன் சாரதி இருக்கையில் ஏறித் தயாராக இருந்தான்.

"பாஸோ? நான் சொன்னன்தானே அண்ணி!"

அவள் சுற்றிக்கொண்டு அவன் பக்கக் கதவடிக்கு வந்து நின்றாள்.

"அங்கால இரும் தம்பி."

சிரித்தான். "இது கியர் எல்லோ அண்ணி. பொலிஸ் மறிச்சால்..."

தாளை நீட்டினாள்.

வாங்கி வாசித்தான். 'ஓட்டோ மட்டும்' என்று அதில் எங்கும் இல்லை. நாலு சொல்லை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

"இதின்ர கிளச் கல்லு மாதிரி. உங்களுக்கு ஏலாது" என்று சொல்லிக்கொண்டே மற்ற இருக்கைக்கு நகர்ந்தான்.

ஏறி உட்கார்ந்து மிதித்தாள்.

பஞ்சுபோல இறங்கியது. லேனர்ஸ் காரைவிட இலகு.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் வீடு. வலப்பக்கம் பஸ் நிலையம். அதற்கு எதிரே, ஹயர் வான்கள் ஆட்களுக்காகக் காத்து நிற்கும் இடம்.

வலப்பக்கத்துக்கு சிக்னல் போட்டாள்.

"வீடு இஞ்சால, அண்ணி."

திருப்பினாள்.

வாகை மர நிழலில் வான்கள் நெருக்கியடித்து நின்றன. இந்த வானைக் கண்டதும், தினமும் காண்கிறவன்போல ஒருவன் கையைத் தூக்கினான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த முகத்தைக் கண்டதும் கை பாதியில் நின்றது.

அவ்வளவு நெருக்கத்திலும் வரிசையின் நடுவில் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு வானின் அகலம். யாரும் அதற்குள் விடவில்லை. யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்த இடம்போல.

சிவரூபன் தலையைச் சொறிந்தான்.

அவள் அந்த வெறும் இடத்தைத் தாண்டி வானைக் கொஞ்சம் முன்னே கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு கண்ணாடிகளையும் பார்த்தாள்.

ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.