பூரணியின் பாவாடை

புவனேஸ்வரி வரைகிற அம்மன்களுக்கு வயிற்றில் பிரசவத் தழும்பு இருக்கும், காலடியில் மந்திரச் சக்கரம் இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் யாரும் அவற்றை வீட்டில் மாட்ட மாட்டார்கள். ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்ட மகள் பூரணியை மட்டும் அவள் பூவாடைக்காரியாக வரைந்து பூஜை அறையில் வைத்திருந்தாள். கன்னியாகப் போன பெண்ணை வீட்டுத் தெய்வமாக்கி, வருஷா வருஷம் புதுப் பாவாடை வைத்துப் படைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

பாதம் மறைய வரைந்த பாவாடை, அடுத்த படையலுக்குள் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. புவனேஸ்வரி கரையை இறக்கி வரைந்தாள். மறு வருஷமும் இறக்க வேண்டியிருந்தது.

"நீயே குட்டையா வரைஞ்சுட்டு, பொண்ணு வளர்றான்னு சொல்லிக்கினு இருக்கியா?" என்பான் தறியில் இருக்கும் கணவன் தினகரன். படத்தை அவன் ஏறிட்டும் பார்த்ததில்லை.

இந்த வருஷம் விளக்கேற்றப் போனவள், பாவாடையில் தான் தீட்டாத சிவப்பைப் பார்த்தாள். தொட்டால் ஈரம். வண்ணத்தின் வாசனை இல்லை.

"என்னங்க, இங்க வாங்களேன்."

தினகரன் வந்து படத்தை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு வெளியே போய், வயசுக்கு வந்த பெண்ணை மறைத்து உட்காரவைக்கிற பச்சைத் தென்னையோலையோடு திரும்பினான்.

"மாமன் கட்டணும். பரவால்ல, நானே கட்டறேன். நீ உளுந்தங்களி கிண்டு புவனா. பசியோட இருப்பா."

படத்தை மறைத்து ஓலை நின்றது. களித் தட்டை அதன் அடியில் தள்ளிவிட்டு, இருவரும் முதுகைத் திருப்பி உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில், தட்டு தரையில் உரசிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. காலியாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வை புவனா," என்றான் தினகரன், திரும்பாமலே.