வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஆள்

விருந்தில் கணவரின் தட்டில் மூன்றாவது இனிப்பு விழுந்த அடுத்த நொடியே அளவுக்காரியின் கை அங்கே போய்விட்டது.

எடுத்தாள். தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அளவுக்காரி என்பது அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வைத்த பெயர். எந்த நோயாளிக்கு எத்தனை கரண்டி, யாருக்கு உப்பு குறைவு, யாருக்குச் சர்க்கரை ஆகாது, எல்லாம் அவள் எழுதும் பட்டியல்படிதான்.

கணவருக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். வீட்டிலும் அதே சட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தை கலைகிற நேரமாகப் பார்த்துப் போய், மலிவாகக் கிடைக்கும் கீரையையும் காயையும் வாரிக்கொண்டு வருவாள். கிடைத்ததை வைத்து ஏழு நாளைக்கும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவிடுவாள். பாதித் தட்டு காய், கால் தட்டு பயறோ முட்டையோ, மீதிக் கால்தான் சோறு. உடம்பைப் பார்த்துக்கொள்ள யாரும் சொத்தை விற்க வேண்டியதில்லை என்பது அவள் கட்சி.

ஒவ்வொரு நாளுக்கும் மேலே, எத்தனை பேருக்குச் சமையல் என்று ஒரு வட்டத்துக்குள் எழுதுவது ஆஸ்பத்திரிப் பழக்கம். வீட்டில் அது எப்போதும் இரண்டு.

இன்று, வியாழக்கிழமை காலை, கல்யாணத்துக்குக் கிளம்பும்போதுதான் பார்த்தாள்.

நாளைக்கு, வெள்ளிக்கிழமைக்கு மேலே, வட்டத்துக்குள் ஒன்று என்று இருந்தது. சனிக்கிழமைக்கும் ஒன்று.

அவள் கையெழுத்துதான். அவள் பேனாதான். எழுதிய ஞாபகம் மட்டும் இல்லை.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அந்த எண் குறைந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது? குணமாகி வீட்டுக்குப் போனாலும் குறையும், போகாமலேயே போய்ச் சேர்ந்தாலும் குறையும். சில நாள் வார்டிலிருந்து தகவல் வருவதற்கு முன்பே அவள் கை எண்ணைக் குறைத்து எழுதியிருக்கும். அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தைரியம் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பட்டியலின் மேல் வைத்துக் காந்தத்தை அழுத்தினாள். இன்றைக்கு இந்த மனுஷன் வாயில் ஒரு துளி இனிப்பு போகக் கூடாது. போகவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

அதனால்தான் விருந்தில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பரிமாறுகிறவர்கள் லேசுப்பட்டவர்களா? இவர் வேண்டாம் என்று சொல்லத் தொடங்குவதற்குள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு கேக் துண்டு வந்தது, எடுத்தாள். எண்ணெய் சொட்டச் சொட்ட வறுத்த உருளைக்கிழங்கு வந்தது, எடுத்தாள். அவர் தட்டுக்குத் தன் வெள்ளரிக்காயையும் கேரட்டையும் தள்ளிவிட்டாள்.

எடுத்ததை வீசவா முடியும்? சாப்பாட்டை வீணாக்குகிற ஜென்மம் இல்லை அவள். பதினோரு வருஷமாக அவர் தட்டிலிருந்து பறித்ததெல்லாம் அவள் வயிற்றுக்குத்தான் போகிறது. அவர் இளைக்க இளைக்க இவள் பூரிக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கணவர் வெள்ளரிக்காயை மென்றபடி அவளையே பார்த்தார்.

"எனக்கு மாசாமாசம் டெஸ்ட் எடுக்க வைக்கிறியே, நீயும் ஒரு தடவை எடுத்துப் பாத்தா என்ன?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று நான்காவது இனிப்பையும் எடுத்தாள்.

வீடு திரும்ப சாயங்காலம் ஆகிவிட்டது. அவர்கள் வீடு மூன்றாவது மாடி. அவர் விடுவிடுவென்று ஏறிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். அவள் இரண்டு இடத்தில் நின்றுதான் ஏறினாள். இடது கை மண்டபத்திலிருந்தே கடுத்துக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குக் கொண்டுபோன பெரிய பையைத் தூக்கியதால் இருக்கும் என்று நினைத்தாள்.

சமையலறையில் அவர் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் அவளுக்கு உயிர் வந்தது. கண்டம் கழிந்தது. இனி அந்தப் பாழாய்ப்போன காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒழுங்காக ஒன்று எழுதலாம்.

பத்திரிகையை எடுத்தாள். கிழிப்பதற்கு முன் கண் தானாக அந்த வரிகளின் மேல் போயிற்று.

வெள்ளி. ஆள் ஒன்று.

காலை: டீ, சர்க்கரை இல்லாமல்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சர்க்கரை இல்லாத டீயை அவள் ஜென்மத்தில் குடித்ததில்லை.

மதியம்: பாதித் தட்டு கீரை, கால் தட்டு பயறு, கால் தட்டு சோறு. இரவு மாத்திரையை மறக்க வேண்டாம்.

அதற்கும் கீழே, கடைசியாக ஒரு வரி இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்தப் பட்டியலிலும் அவள் எழுதியிராத வரி.

மிச்சம் இருந்தால் கொட்டிவிடவும்.

கைக் கடுப்பு தோளுக்கு ஏறியிருந்தது.

"உனக்கும் சேர்த்து டீ போடவா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"டீ வேணாங்க. வண்டிச் சாவிய எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். எனக்குத்தான்."