சீனிக்கு இடமில்லை

"இது இங்க வேண்டாம். எங்கிருந்து கொண்டு வந்தியோ அங்கயே விட்டுட்டு வா."

காலையில் தம்பி கண் விழித்ததும் அக்காவின் முதல் பேச்சு இதுதான். சீனி வந்த சில நாளிலிருந்து தினமும் இதே பல்லவி.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு கினி பிக் உண்டு. முயலுக்கும் எலிக்கும் நடுவில் ஓர் உருவம், வால் கிடையாது. வெள்ளைக்கு உப்பு, கறுப்புக்கு மிளகு என்று பெயர். குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. ஒன்று படுத்தால் இன்னொன்று அதன் முதுகில் தலைவைத்துப் படுக்கும்.

மூன்றாவதுதான் சீனி. வளர்த்தவர் வேறு ஊருக்குக் குடிபோனபோது கால்நடை டாக்டரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"தனியா விட்டா ஏங்கியே செத்துடும். உங்க ரெண்டோட சேர்த்துப் பாருங்க. ஒத்துவரலைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க, ஒண்ணும் நினைக்க மாட்டேன்," என்றார் டாக்டர்.

தம்பியும் அவன் மனைவியும் ஒரு குறையும் வைக்கவில்லை. பெரிய கூண்டாக வாங்கினார்கள். தனித்தட்டு, தனித் தண்ணீர் பாட்டில், ஒளிந்துகொள்ளத் தனியாக ஒரு அட்டைப்பெட்டி. மூன்றும் பொட்டை, அதனால் குட்டி போடும் கவலையும் இல்லை. முதல் நாள் உப்பு கொஞ்சம் பல்லை நறநறத்தது. அதோடு சரி.

அக்காவுக்கு மட்டும் ஆகவில்லை.

"உங்க அக்காவுக்கு என்னதான் கஷ்டமாம்?" சமையலறையில் மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நாம வேலைக்குப் போயிட்டா கூண்டு கழுவறது அவதானே? வேலை கூடுதுன்னு இருக்கும்."

"அதுக்காக ஒரு வாயில்லா ஜீவனை விரட்டணுமா? அவங்க வீட்டுக்காரர் தவறிப்போனப்போ நாம இடமில்லைன்னா சொன்னோம்? பஸ்ல தொத்தி ஏறினவங்கதான் முதல்ல 'இடமில்லை, போலாம் ரைட்'னு குரல் கொடுப்பாங்க."

தம்பிக்கும் அப்படித்தான் பட்டது. கேட்கிற யாருக்கும் அது நியாயமாகத்தான் படும். தம்பி வீட்டில் ஒண்டியிருக்கும் ஒருத்திக்கு, ஒண்ட வந்த இன்னொரு உயிரைக் கண்டால் இரக்கம் வரவேண்டாமா?

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அவன் கேட்டேவிட்டான்.

"அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கு. உனக்கு அதனால என்னக்கா பாரம்?"

அக்கா சமையலறைத் தராசை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். ஒரு கிண்ணத்தில் சீனியை உட்காரவைத்து நிறுத்தாள். பிறகு அவன் விரலைப் பிடித்துச் சீனியின் முதுகில் வைத்தாள். ரோமத்துக்கு அடியில் எலும்பு தட்டியது.

"வந்தப்போ இதைவிட நூறு கிராம் கூட இருந்தது. இப்படியே போனா தாங்காது."

மனைவி பதறிப்போய் ஓடிவந்தாள். "ரெண்டும் சேர்ந்து கடிக்குதா என்ன?"

ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"சண்டையே கிடையாதே அண்ணி. நாங்களும் பார்த்துட்டுத்தானே இருக்கோம். தட்டு நிறைய புல்லு, காய் எல்லாம் இருக்கு. எதுக்கு இளைக்கணும்?"

"சண்டை போட்டா தேவலையே. இங்க இது ஒண்ணு இருக்குன்னாவது ஆகும்."

அக்கா சீனியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது போய்ப் பக்கத்துல உட்காரும். ரெண்டும் எழுந்து அந்தப் பக்கம் போயிடும். கோபமெல்லாம் ஒண்ணும் இல்லை, சும்மா எழுந்து போயிடும். இது திரும்பவும் போகும். அதுங்க திரும்பவும் எழுந்துடும். கொஞ்ச நாள் பார்த்துட்டு, போறதையே விட்டுடுச்சு. தட்டுல என்ன இருந்து என்ன? தொண்டையில இறங்கணுமில்ல?"

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்களுக்கு இது தெரியவே இல்லையே. நீங்க முன்னாடி கினி பிக் வளர்த்திருக்கீங்களா அண்ணி?"

"இல்லைம்மா."

சீனியின் முதுகை நீவிவிட்டபடி அக்காவே தொடர்ந்தாள்.

"டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டேன். தெருமுனை பேக்கரிக்காரர் வீட்டுல கினி பிக் ஜோடியில ஒண்ணு செத்துப்போய் இன்னொண்ணு ஒத்தையா இருக்காம். அங்க கொடுத்தா ரெண்டும் பிழைச்சுக்கும்னார்."

தம்பிக்கு வெட்கமாகிவிட்டது. இந்த அக்காவையா கல்நெஞ்சக்காரி என்று நினைத்தோம்?

"நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துடறேன்க்கா. சோறும் இடமும் கொடுத்துட்டாப் போதும்னு நினைச்சுட்டோம். பாவம், எவ்வளவு தவிச்சுதோ."

"வாய்விட்டுச் சொல்லவா முடியும் அதால?" மனைவி மூக்கை உறிஞ்சியபடி சீனியின் தலையை ஒற்றை விரலால் வருடினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு இருவரும் தட்டோடு சோபாவில் உட்கார்ந்து டிவியைப் போட்டார்கள். பேச்சு முழுக்க சீனியைப் பற்றித்தான். புது வீட்டில் அதற்குத் துணை கிடைக்கப்போவதில் இருவருக்கும் மனசு நிறைந்திருந்தது.

அக்காவும் தன் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பேச்சு நின்றது.

"நீ உட்கார்ந்து டிவி பாருக்கா. நாங்க உள்ள சாப்பிட்டுக்கறோம்," என்று சிரித்த முகமாகவே சொல்லிவிட்டு, எப்போதும்போல இருவரும் தட்டோடு எழுந்து போனார்கள்.