கோட்டை வாசல் சட்டம்

கோட்டை வாசலில் காவல்காரன் மறித்தான். இன்ஷாபின் வீரன் குதிரையை விட்டு இறங்கினான்.

குதிரை, கோட்டை எல்லாம் மேசைமேல்தான். கல்முனைக்குடியில், ஸம்றாவின் வீட்டு முன்னறையில், ஜும்ஆ தொழுகை முடிந்து சோறு தின்ற கையோடு நாலு ஆம்பிளைகள் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதையை நடத்துகிறவன் ஸம்றாவின் அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்தாக். கட்டாரிலிருந்து அவன் கொண்டுவந்த தடித்த புத்தகத்துக்குள் இல்லாத நாடொன்று முழுசாக இருந்தது. ஊர்கள், கடல்கள், அரசர்கள், சட்டங்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் வைத்து அவன் மட்டும்தான் வாசிப்பான். மற்றவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. புத்தகம் சொன்னால் சொன்னதுதான், வாதமில்லை.

இன்ஷாபுக்கு இன்று பெருநாள். ஸம்றாவின் சீதன வீடான இந்த வீட்டுப் படியை அவன் மிதித்து ஒரு வருஷம்.

அவள் தலாக் கேட்டு நின்றாள். செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று அவன் உம்மா வீட்டில் போய்க் குந்திக்கொண்டான். விவாகரத்து வழக்கு விளங்குகிற காதியார் கூப்பிட்ட போதெல்லாம் ஏதாவதொரு சாட்டுச் சொன்னான். புருஷன் பெண்சாதிக்குள் ஒன்று நடக்கும், அதற்கா வெட்டிவிடுவது?

இப்போது மச்சானே போனில் கோல் எடுத்து விளையாடக் கூப்பிட்டிருக்கிறான். அவள் மனசு இளகிவிட்டது என்றுதானே அர்த்தம்!

அந்தச் சந்தோசத்தில்தான், வீரனுடைய பெண்சாதிக்கு என்ன பேர் என்று முஸ்தாக் கேட்டதும், உள்ளறைக்குக் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னான்.

ஸம்றா. அப்துல் கபூர்ட மகள் ஸம்றா.

கூட்டாளிகள் ஸப்ரியும் நஸீரும் சிரித்தார்கள். அவனுக்கு வெட்கம்கூட இனித்தது.

முஸ்தாக் பக்கம் புரட்டி வாசித்தான். கட்டினவளை விவாகரத்துச் செய்தவனுக்குத்தான் இந்த வாசல் திறக்கும். பேர் சொல்லி மூன்று தரம் சொல்ல வேண்டும். கோட்டையைப் பிடித்த பிறகு அவளைத் திரும்பவும் கூட்டிக்கொள்ளலாம்.

"என்ன மச்சான், பயமா? கதைதானே."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது தவளைக்குச் சொன்னது மட்டுமல்ல.

இன்ஷாப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். அப்துல் கபூர்ட மகள் ஸம்றாவை விவாகரத்துச் செய்துவிட்டேன். இரண்டாம் தரமும் சொன்னான். மூன்றாம் தரத்துக்கு, அரசனுக்கு முன்னால் நிற்கிறவனைப்போல எழும்பியே நின்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

கேட்டீர்கள்தானே என்று முஸ்தாக் மற்ற இருவரையும் பார்த்தான். ஸப்ரி ஓம் என்றான். நஸீர் தலையாட்டினான்.

விளையாட்டுக்குத்தானே சொன்னேன் என்று சொல்ல இன்ஷாப் வாயெடுத்தான். விளையாட்டுக்குச் சொன்னாலும் தலாக் தலாக்தான் என்பது மதரஸாவில் ஓதுகிற பிள்ளைக்கும் தெரியும்.

மறைப்பைத் தட்டி விழுத்திப் புத்தகத்தை இழுத்தான். விரிந்திருந்த பக்கத்தில் அந்த நாட்டு மீன்களின் படங்கள்தான் இருந்தன.

ஸம்றா உள்ளறையிலிருந்து வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனோடு கதைத்தாள்.

"அது புத்தகத்துல இல்ல. நான்தான் காக்காக்குச் சொல்லிக் குடுத்த."

புத்தகத்தை இடக்கையால் மூடினாள். வலக்கை விரல்கள் இன்னும் மடங்குவதில்லை.

அந்த விரல்களைக் கதவிடுக்கில் பிடித்து வைத்து அவன் சாத்திய அன்று, சாட்சி சொல்ல ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை.