நாலாவது குழாய்

ஆன்ஸ்லின் டீச்சரின் பழைய டீசல் ஜீப் ஆக்ஸிலேட்டரை மிதித்தாலே உதறியது. அருமனையிலிருந்து மார்த்தாண்டத்துக்கு அம்மாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக அவளுக்கு அந்த வண்டிதான் இருந்தது. அன்று காலையும் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

எந்த சிலிண்டரில் கோளாறு என்று பார்க்க, மெக்கானிக் பெனிஷ் தன் பட்டறையில் ஓடும் எஞ்சினில் நாலு டீசல் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். நாலாவதையும் கழற்றியபோது, டீசலே போகாமல் எஞ்சின் நின்றிருக்க வேண்டும். டீசல் தரையில் கொட்டியது. எஞ்சின் உதறலே இல்லாமல் ஓடியது.

திரும்ப மாட்டினான். உதறியது. மறுபடி கழற்றினான். சீராக ஓடியது.

“சரியாச்சா அண்ணா?” என்றாள் ஆன்ஸ்லின்.

“டீச்சர், இதுல போவாண்டாம். ஆட்டோ விளிக்கேன்.”

“மூச்சு முட்டுது மக்கா, போவலாம்,” என்றாள் அம்மா.

அதற்குமேல் பெனிஷால் தடுக்க முடியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். குழாய்கள் கழன்று கிடந்தும் ஜீப் ஏற்றங்களில் கூடத் திணறவில்லை. பத்து கிலோமீட்டருக்கு ரோட்டில் ஒரு சொட்டு டீசல் விழவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆன்ஸ்லின் வண்டியை அணைத்துவிட்டு அம்மாவை உள்ளே கூட்டிப்போனாள். சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றாள் நர்ஸ்.

பெனிஷ் பானெட்டைத் திறந்தான். சுடும் என்று தெரிந்தும் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தான். கிணற்றுக்குள் இருக்கும் கல்லைப்போல அது சில்லென்று இருந்தது.