கன்னிக்குச் சேலை

ஓட்டுச் சந்து வழியே இறங்கும் காலை வெயில், கர்ணன் உத்தரத்திலிருந்து எடுத்து வைக்கும் ஓலைப்பெட்டியின் மேல் விழுகிறது. மூடியைத் திறந்ததும் பழைய சந்தனமும் வசம்பும் கலந்து மணக்கின்றன. உள்ளே சின்னப் பாவாடை, சட்டை, கருவளையல். கல்யாணமாகாமல் பன்னிரண்டு வயதில் பேதியில் போன தங்கை ராக்கம்மாள், இருபத்து நான்கு வருடமாக இந்த ஓடைப்பட்டி வீட்டின் கன்னிச்சாமி. ஒவ்வொரு தை மாதமும் அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். இந்த வருடப் பாவாடை, யுத்தகாலத்தில் அளந்து கொடுக்கும் கண்ட்ரோல் துணியில், அதே பழைய அளவில் தைத்தது, கஞ்சி மொடமொடப்போடு பலகையில் இருக்கிறது. புகுந்த வீட்டிலிருந்து வந்திருக்கும் மூத்தவள் சோணையம்மாள், அதன் பக்கத்தில் தன் கல்யாணச் சுங்குடிச் சேலையை வைக்கிறாள். அரக்குச் சாயம் மடிப்போரங்களில் வெளுத்திருக்கிறது.

"கன்னிக்குச் சேலை வைக்கக் கூடாதுக்கா. பாவாடைதான் வழக்கம்" என்கிறான் கர்ணன்.

"எனக்கே நாப்பதாயிருச்சு. அவ இன்னுமா பாவாடை கட்டிக்கிட்டு நிப்பா?"

"சாமிக்கு ஏதுக்கா வயசு?"

சேலையை எடுத்து மெதுவாக அவள் மடியிலேயே திருப்பி வைக்கிறான். அவள் கை அதன் முந்தானையை நீவிக்கொண்டே இருக்கிறது. சூடம் எரிந்து கரும்புகை சுருள்கிறது. அவன் திருநீற்றுத் தட்டை நீட்டுகிறான்.

"கும்பிட்டுக்கக்கா. வேணுங்கிறதக் கேளு, குடுப்பா."

சோணையம்மாளின் கைகள் சேலையை விட்டு எழவில்லை.

"கேட்டது அவதான்டா, தம்பி. கல்யாணத்துக்கு மறுநாளு, 'ஒரே ஒருவாட்டி கட்டிப் பாக்குறேன்க்கா'ன்னு இந்தச் சேலையக் கேட்டா. அழுக்காயிரும்னு நாந்தான் குடுக்கல."